பஸ் நிலையத்துக் கக்கூசு

"கௌரவ உறுப்பினர் என்ன சொன்னீங்க? சரியா விளங்கல்ல."

சபைத் தலைவரான தவிசாளர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு கேட்டார். அவருக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. காது மடல்கள் சிவந்துபோயிருந்ததை நான் பார்த்தேன்.

"கக்கூசு" என்றேன் மறுபடியும். "பஸ் நிலையத்தில பொம்புளையளுக்கு ஒரு கக்கூசு வேணும் எண்டு சொன்னன்."

எங்கள் பிரதேச சபை மண்டபத்தின் மின்விசிறிகளில் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றும். வழக்கமாக உறுப்பினர்கள் போடும் சத்தத்தில் அது கேட்காது. அன்று அது மட்டும்தான் கேட்டது. முன்வரிசையில் பிளேன்டீயை வாயருகே கொண்டுபோன ஒருவர் குடிக்காமலே மேசையில் வைத்தார். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கூட்டறிக்கை எழுதும் கிளார்க் பிள்ளை பேனையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள், தவிசாளரைப் பார்த்தாள், கடைசியில் செயலாளரிடம் திரும்பினாள்.

"சேர், அத எப்பிடி எழுதுற?"

"மலசலகூடம் எண்டு எழுதுங்க" என்றார் செயலாளர், தரையைப் பார்த்தபடி.

போன வாரம், தையல்காரியான நான் பெண்களுக்கென்று வந்த பட்டியலில் பெயர் விழுந்து எப்படி உறுப்பினரானேன் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மருதமுனையிலிருந்து ஒரு சகோதரி தொலைபேசியில் கதைத்தார். "அது சரி பரீதா ராத்தா, சபைக்குப் போய் என்னத்தச் செஞ்சீங்க?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார். நியாயமான கேள்வி. நான் செய்தவற்றில் இன்றைக்கும் நின்றுகொண்டிருப்பது இந்த ஒன்றுதான். ஆகவே அதையே சொல்கிறேன்.

எங்கள் பின்கதவு

எங்கள் வீடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறது. முன் அறைதான் என் தையல் கடை. ஒரு மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேசை, தைத்து முடித்த ஹபாயாக்களைத் தொங்கவிட ஒரு கம்பி. கடலிலிருந்து வரும் காற்றில் அந்தக் கறுப்பு ஹபாயாக்கள் நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும்.

எங்கள் பஸ் நிலையம் பெரிதல்ல. ஆனால் நிறையச் சனம் இறங்கி ஏறும் இடம். பொத்துவில், கோமாரிப் பக்கத்திலிருந்து கிளினிக்குக்கு வருகிறவர்கள், சம்மாந்துறையிலிருந்து கலியாணப் புடவை எடுக்க வருகிறவர்கள், கல்முனைக்குப் போக பஸ் மாறுகிறவர்கள் என்று காலையிலிருந்து பின்நேரத் தொழுகையான அசறு வரைக்கும் அந்த இடம் கலகலவென்று இருக்கும்.

ஆண்களுக்கு ஒரு குறையும் இல்லை. எதிரே பள்ளிவாசல் இருக்கிறது. பின்பக்கத்தில் வரிசையாகக் கதவுகள், பெரிய தண்ணீர்த் தாங்கி, எப்போதும் சுத்தம். அதனால்தான் எங்கள் ஊரின் ஆண்களில் ஒருவருக்கும் இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்கு அவசரம் வந்தபோதெல்லாம் ஒரு கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

பெண்களுக்கு என் கடை இருந்தது.

முதலில் துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள். "ஹபாயா தைக்க எத்தின நாள் எடுக்கும் ராத்தா?" என்று கேட்பார்கள். கேட்கும்போது கண் என்னில் இருக்காது, உள்ளே போகும் கதவில் இருக்கும். நிற்கிற விதத்திலேயே எனக்கு விளங்கிவிடும். கேள்வி முடிவதற்கு முன்பே, "பின்னால போங்க புள்ள, வலது பக்கம், வாளியில தண்ணி இரிக்கி" என்று சொல்லிவிடுவேன். அந்த முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும்!

சிலர் வெட்கத்தில், சும்மா போகக் கூடாதே என்று உண்மையாகவே ஒரு ஹபாயாவுக்கு அளவு கொடுத்துவிட்டும் போவார்கள். என் வியாபாரத்தில் பாதி அப்படி வந்ததுதான் என்று இவர் இன்றைக்கும் சொல்வார்.

இவர் என்றால் என் கணவர். சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். கையெல்லாம் கிறீஸோடு மத்தியானம் லுஹருக்கு முன் வீட்டுக்கு வந்து, குளித்து, வுளு எடுத்துக்கொண்டு பள்ளிக்குத் தொழப் போவார். பல நாட்கள் தன் வீட்டுக் குளியலறைக்கு முன்னால் தோளில் துவாயோடு காத்து நிற்பார். அவருக்கு முன்னால் அறிமுகமில்லாத பெண்கள் இரண்டு மூன்று பேர் வரிசையில் நிற்பார்கள்.

"இது நம்மட ஊடா, இல்லாட்டி அரசாங்கக் கச்சேரியா?" என்று அடுப்படி யன்னலால் என்னிடம் கேட்பார். கேட்டுவிட்டு, அவரே கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளி வாளியை நிரப்பி வைத்துவிட்டுத்தான் போவார்.

தண்ணீர் வேண்டாம் என்ற பிள்ளை

நான் உறுப்பினராகிச் சில மாதங்கள் கடந்திருந்தன. சபைக்குப் போவேன், கதிரையில் இருப்பேன், மற்றவர்கள் வீதி விளக்குக்கும் வடிகானுக்கும் சண்டை பிடிப்பதைக் கேட்டுவிட்டு வருவேன். வாய் திறக்கத் துணிவு வரவில்லை.

அது சரியான வெயில் காலம். லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரம் இருக்கும். பஸ் நிலையத்தில் ஒரே சத்தம். ஓட்டோ ஓட்டுகிற பொடியன்கள் ஒரு பெண்ணைத் தாங்கிப் பிடித்து என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். கைக்குழந்தையை ஒருவன் பயந்து பயந்து தூக்கி வந்தான், கண்ணாடிப் பாத்திரம் மாதிரி.

கோமாரிப் பிள்ளை. பெயர் தங்கமலர் என்று பிறகு சொன்னாள். குழந்தையை கிளினிக்குக்குக் கொண்டு வந்தவள், திரும்பிப் போக பஸ்ஸுக்கு நிற்கையில் தலை சுற்றி விழுந்துவிட்டாள். மேசையில் கிடந்த துணிகளை ஒதுக்கிப் படுக்க வைத்தேன். உதடு வெடித்துக் காய்ந்து கிடந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். முதலில் குழந்தையைத் தேடினாள். பிறகு எழுந்து இருந்தாள்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

"குடி புள்ள. தாய்ப்பால் குடுக்கிற ஆள், இப்பிடிக் காஞ்சி கிடக்கிறாயே."

"வேணாம் அக்கா."

"ஏன்?"

தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "குடிச்சா எங்க போற? வீட்ட போய்ச் சேர இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு. விடிய வெள்ளாப்புல வெளிக்கிட்டது. கிளினிக் நாளையில நான் தண்ணியே குடிக்கிறல்ல அக்கா."

நான் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ப் பின்கதவைக் காட்டினேன். திரும்பி வந்தவள், செம்பு காலியாகும் வரை குடித்தாள். பிறகு குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அது குடிக்கிற சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

வாசலில் நின்ற ஓட்டோக்காரப் பொடியன் ஒருவன், குறை சொல்லுகிற மாதிரியல்ல, சும்மா கேட்டான்: "ராத்தா, நீங்க இப்ப மெம்பர்தானே?"

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. பின்நேரம் முழுக்க நான் தைத்த தையல் ஒன்றும் நேராக வரவில்லை.

ஓய்வறை கட்டின கதை

அடுத்த அமர்வில் எழுந்து நின்றேன். என் முதல் பேச்சு. மெஷின் மிதிக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகியிருந்தேன். ஆனால் அத்தனை ஆண்களின் முகங்களையும் பார்த்ததும் நாக்கு அந்தச் சொல்லுக்குப் போகவே இல்லை. சுற்றி வளைத்து, "எமது பஸ் நிலையத்துக்கு வருகின்ற பெண் பயணிகளுக்கு ஓர் ஓய்வறை வசதி மிகவும் அவசியம்" என்றேன்.

மேசையைத் தட்டினார்கள். ஒருவர் முன்மொழிய இருவர் ஆமோதித்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கூட எழுந்து, ராத்தாவின் கன்னிப் பேச்சு அருமை என்றார். நான் பெருமையோடு வீட்டுக்கு வந்து பாயாசம் காய்ச்சினேன்.

ஒரு மாதமோ என்னவோ கழித்துப் பஸ் நிலையத்தில் வேலை தொடங்கியது. வாகை மரத்தடியில் தகரக் கூரை போட்டு ஒரு கொட்டில் எழுப்பினார்கள். அதற்குள்ளே உட்காரச் சீமெந்து வாங்குகள், நீல வர்ணம், பத்திரிகை வைக்க ஒரு தட்டு. முகப்பில் ஒரு நினைவுக்கல். தவிசாளர் தொடக்கம் வரிசையாகப் பெயர்கள், கடைசியில் சின்ன எழுத்தில் என் பெயர்.

நான் சொன்ன சொல்லை அப்படியே கட்டியிருந்தார்கள். ஓய்வெடுக்கிற அறை!

இரண்டாம் நாளே ஆண்கள் அதில் சாய்ந்திருந்து பத்திரிகை படிக்கத் தொடங்கிவிட்டார்கள். பெண்கள் வழமைபோல என் வீட்டுக்கு வந்தார்கள்.

"ராத்தாட ஓய்வறை சோக்கா இரிக்கி" என்று இவர் சாப்பிட இருந்தபடி சொல்லிச் சிரித்தார். "நானும் கொஞ்ச நேரம் படுத்திட்டு வந்தன்."

எங்கள் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் சுபாஷினி. திருக்கோவில் பிள்ளை. தினமும் பஸ்ஸில்தான் வேலைக்கு வந்து போவாள். நான் முறைப்பாட்டோடு போனபோது கண்ணீர் வரச் சிரித்தாள்.

"நீங்க என்ன கேட்டீங்க எண்டு எனக்குத் தெரியும் ராத்தா. நானும் பஸ்ஸில வாற ஆள்தானே. ஆனா பிரேரணையில இல்லாதத நான் கட்ட ஏலா. ஓய்வறை எண்டா வாங்குதான் போடுவன்."

"அப்ப என்ன செய்யிற?"

"சொல்ல வேண்டியதச் சொல்லுங்க. பேரச் சொன்னாத்தான் கட்டலாம்."

பேரைச் சொல்வது! அதில்தானே எல்லாச் சிக்கலும். எங்கள் பக்கத்துப் பெண்களிடம் அதற்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தேன். "பின்னுக்குப் போயிட்டு வாறன்" என்போம். "கால் முகம் கழுவிட்டு வாறன்" என்போம். படித்த பிள்ளைகள் பாத்ரூம் என்பார்கள். மலசலகூடம் என்ற சொல் அலுவலகச் சுவர்களில் எழுதப்பட்டிருக்கும், அதை வாயால் சொன்ன மனிதரை நான் கண்டதில்லை. சாதாரணமாகப் பேசும்போது எல்லார் வாயிலும் வருவது கக்கூசுதான். அது ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், விட்டுப்போன சொல் என்று என் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் சொன்னது ஞாபகம். அவர்கள் இருந்த கோட்டையைப் பார்க்க மட்டக்களப்புக்குப் போக வேண்டும். இந்தச் சொல் வீட்டுக்கு வீடு கிடக்கிறது.

அதையே சொல்வது என்று முடிவெடுத்தேன். மலசலகூடம் என்றால் அதையும் அவர்கள் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள் என்று தோன்றியது.

மின்விசிறி கிறீச்சிட்ட அமர்வு

இனி முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

தவிசாளர் நல்ல மனிதர். கோபம் வராதவர். அன்றும் கோபப்படவில்லை, சங்கடப்பட்டார். "இத வேற மாதிரிச் சொல்லியிருக்கலாமே ராத்தா" என்றார்.

"வேற மாதிரித்தான் போன முறை சொன்னன் சேர்மன். வாங்கு போட்டுத் தந்தீங்க."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்போடு என் பயமும் போய்விட்டது.

பக்கத்து வரிசை உறுப்பினர் ஒருவர் எழுந்தார். வெள்ளைச் சேட்டு போட்டு, பொக்கற்றில் இரண்டு பேனை வைத்த ஆள். "பொம்புளையள் ஊட்டிலிருந்து வெளிக்கிடக்குள்ள போயிட்டு வந்தா என்ன? இதுக்கெல்லாம் சபைக் காசக் கரைக்கிறதா?" என்றார்.

"நீங்க நாளைக்கு விடிய சுபஹு நேரம் கக்கூசுக்குப் போயிட்டு, பிறகு அசறு வரைக்கும் போகாம இரிங்க பாப்பம்" என்றேன். "இண்டைக்குக் கூட்டம் தொடங்கின பிறகே ரெண்டு தரம் எழும்பிப் போயிட்டு வந்தீங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே இரிக்கன்."

இந்த முறை தவிசாளரே சிரித்துவிட்டார். பேனைக்காரர் கதிரையில் இருந்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் கடற்கரை வட்டாரத்து உறுப்பினர் எழுந்தார். முந்தி தோணியில் மீன் பிடிக்கப் போனவர். சபையில் அவர் குரலை நாங்கள் கேட்டதே குறைவு. அவர் ஒலிவாங்கியைத் தொடவில்லை.

"என்ர பொஞ்சாதிக்குச் சீனி வருத்தம்" என்றார். "அடிக்கடி எழும்பிப் போக வேணும். மூத்த மகளச் சம்மாந்துறையில கட்டிக் குடுத்திரிக்கம். பேரப்புள்ளயப் பாக்க வா எண்டா வரமாட்டா. கேட்டா கால் நோவு எண்டுவா. ஒரு தரம் இல்ல, ஒவ்வொரு தரமும் கால் நோவுதான். நான் ஏசியும் இரிக்கன்."

தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அது கால் நோவு இல்ல எண்டு இப்பதான் விளங்குது. எனக்கிட்டயே சொல்ல வெக்கப்பட்டிரிக்கா. ராத்தாட பிரேரணைய நான் ஆமோதிக்கன்."

அதன் பிறகு ஒருவரும் எதிர்த்துக் கதைக்கவில்லை. பேனைக்காரரும் கையைத் தூக்கினார்.

எங்கே கட்டுவது?

கட்டுவது என்று தீர்மானமாயிற்று. எங்கே என்றால் ஒவ்வொருவரும் மற்றவருடைய பக்கத்தைக் காட்டினார்கள். மீன் சந்தைக்குப் பின்னால் என்றார்கள், அங்கே எந்தப் பெண் போவாள்? பள்ளிவாசல் மதிலோரம் என்றார்கள், நிர்வாகத்தினர் தலையைச் சொறிந்தார்கள். மிஞ்சியது ஒரே ஒரு துண்டுக் காணி. சபைக்குச் சொந்தமானது, பஸ் நிலையத்தை ஒட்டியது. அதில் டயர் போன ஒரு குப்பை ட்ரெயிலர் நிரந்தரமாகக் கிடந்தது.

அதற்குப் பக்கத்தில் ஹனீபா ஹாஜியாரின் புடவைக்கடை.

ஹாஜியார் எங்கள் ஊரில் மதிப்பான ஆள். அத்தர் மணக்க நடப்பார். செய்தி கேட்டதும் நேராகத் தவிசாளரின் அறைக்குப் போய்விட்டார். "என்ர கடை வாசலுக்குப் பக்கத்தில கக்கூசா? கலியாணப் புடவை எடுக்க வாற சனம் மூக்கப் பொத்திக்கிட்டா வரணும்?" என்று கேட்டாராம். தவிசாளர் என்னைக் கூப்பிட்டார். "ஹாஜியார் ஓம் எண்டா நாளைக்கே அத்திவாரம். அவர் மாட்டன் எண்டா என்னால ஏலா ராத்தா, ஊருக்குள்ள பிரச்சினையாப் போகும்" என்று கையை விரித்தார்.

ஆகவே நானும் சுபாஷினியும் ஒரு முற்பகலில் ஹாஜியாரின் கடைக்குப் போனோம். கடை முழுக்கப் புதுத் துணி வாசம். ஹாஜியார் மரியாதையாகக் கதிரை போட்டு, நெக்டோ சோடா வாங்கித் தந்தார். ஆனால் பேச்சில் அசையவில்லை.

"குப்பை ட்ரெயிலர் இவ்வளவு காலமாக் கிடக்கே, அது நாறல்லயா ஹாஜியார்?" என்றேன்.

"அது குப்பை. குப்பை எண்டா ஊரில இரிக்கிறதுதான். இது வேற."

அந்த நேரம் சம்மாந்துறையிலிருந்து ஒரு கலியாண வீட்டுக் கூட்டம் வந்து இறங்கியது. பெண்பிள்ளையின் தாய், சாச்சிமார், மாமிமார், மச்சிமார் என்று கடை நிறைந்துவிட்டது. ஹாஜியார் எங்களை மறந்தார். மேல்தட்டுப் புடவைகள் எல்லாம் இறங்கின. சிவப்பு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று மேசையில் குவிந்துகொண்டே போனது. பெண்கள் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, தோளில் போட்டுப் பார்த்து, முகம் மலர்ந்து நின்றார்கள். நல்ல வியாபாரம் என்று எனக்கே தெரிந்தது.

பிறகு ஒரு சாச்சி தாயின் காதில் என்னவோ சொன்னார். தாய் இன்னொருவரைப் பார்த்தார். ஒரு குசுகுசுப்பு சுற்றி வந்தது. எனக்கு அந்த நிற்கிற விதம் தெரியுமே! நான் சுபாஷினியின் கையைக் கிள்ளினேன்.

"கொஞ்சம் இரிங்க ஹாஜியார், பொறகு வாறம்" என்று தாய் சொன்னார். கூட்டம் முழுக்க வெளியே போய்விட்டது.

ஹாஜியார் விரித்த புடவைகளுக்கு நடுவே நின்றார். "பாத்தீங்களா? எல்லாத்தையும் இறக்கிப்போட்டுப் போறாங்க. விலை சரிவரல்லயாக்கும்."

"விலை கேக்கவே இல்லையே ஹாஜியார்."

"அப்ப எங்க போறாங்க?"

"என்ர ஊட்டுக்கு" என்றேன். "எட்டிப் பாருங்க."

அவர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். கலியாண வீட்டுப் பெண்கள் வீதியைக் கடந்து, என் ஒழுங்கைக்குள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் துவாயோடு எங்கள் வீட்டு வாசலில் நின்று அவர்களுக்கு வழி விட்டுக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். போயிட்டு வந்து என்ர கடையில இரிப்பாங்க. களைப்பு. தேத்தண்ணி குடிப்பாங்க. பிறகு கல்முனை பஸ் வந்தா ஏறிருவாங்க. அங்கயும் புடவைக்கடை இரிக்குத்தானே."

ஹாஜியார் மேசைக்குத் திரும்பி ஒரு புடவையை மடிக்கத் தொடங்கினார். பாதி மடித்துவிட்டு நிறுத்தினார்.

"வாசல் என்ர கடைப் பக்கம் பாக்கக் கூடாது" என்றார்.

"கடல் பக்கம் பாத்துத்தான் வரைஞ்சிருக்கன் ஹாஜியார்" என்றாள் சுபாஷினி. பையிலிருந்து வரைபடத்தை எடுத்து, சிவப்புப் புடவைக்கு மேலேயே விரித்தாள்.

ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். விரலால் ஒரு இடத்தைத் தொட்டார். "இது எந்தத் திசை? தொழுற கிப்லாத் திசைய நோக்கி வைக்கக் கூடாது, தெரியுமா மகள்?"

"தெரியும். வடக்கு தெற்காத்தான் வச்சிருக்கன். இந்த ஊரில இவ்வளவு காலம் வேலை செய்யிறன், எனக்குக் கிப்லா தெரியாதா?"

ஹாஜியார் முதல் தடவையாகச் சிரித்தார். அதன் பிறகு அவர் கேட்டதெல்லாம் கூடவே கொடுத்ததாக மாறிப்போனது. ஆள் உயரத்துக்கு ஒரு மதில் வேண்டும் என்றார், அதற்குக் கல் நான் தாறன் என்றார். மதிலோரம் மல்லிகை வைக்க வேண்டும் என்றார். சீமெந்துத் தரை வழுக்கும் என்றவர், தன் புது வீட்டுக்கு இறக்கி மிஞ்சின தரை ஓடுகளை அனுப்பிவைத்தார். அதனால்தான் எங்கள் பஸ் நிலையத்துக் கக்கூசின் தரையில் ரோசாப்பூ விரிந்து கிடக்கிறது. அந்த மாதிரித் தரை தவிசாளரின் வீட்டிலும் இல்லை.

பெயர் போட ஆளில்லை

வேலை முடிந்தது. சுத்தமாக வைத்திருக்க ஒரு பெண்ணைச் சபை நியமித்தது. இனித் திறக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு கானுக்குப் பாலம் போட்டாலும் நினைவுக்கல் வைப்பார்கள். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதில் சொந்தக்காரர்கள் பேசாமல் போன கதைகளும் உண்டு. இந்த முறை சுபாஷினி ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தாள். எல்லாருக்கும் திடீரென்று அடக்கம் வந்துவிட்டது. நமக்கு எதற்குப் பேர், சேவைதானே முக்கியம் என்றார்கள்.

"உங்கட பேரப் போடுவமா ராத்தா?" என்று என்னிடம் கேட்டாள்.

வீட்டில் இவரிடம் கேட்டேன். "போடுங்க, போடுங்க. பொறகு பஸ்ஸில கொண்டக்டர் 'பரீதா கக்கூசு இறங்குங்க' எண்டு கூப்பிடுவான்" என்றார். எனக்கும் துணிவு வரவில்லை. கல் இல்லாமலே விட்டுவிட்டோம்.

திறப்பு நாள் காலையில் வெயில் இதமாக இருந்தது. என் கடையில் மிஞ்சின ரோசாநிறத் துணியில் நாடா வெட்டி வாசலில் கட்டினோம். தவிசாளருக்கு அன்று ஒரு கலியாணம் இருந்ததாம். ஹாஜியார் தொலைபேசியில் பிடித்து வரவழைத்துவிட்டார். ஹாஜியாரின் செலவில் மஸ்கட் இனிப்பும் பிளேன்டீயும் வந்தன. ஆனால் அந்த வாசலுக்கு முன்னால் நின்று தின்ன ஒருவருக்கும் மனம் வரவில்லை. எல்லாரும் மஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஹாஜியார் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இந்த... இந்தக் கட்டடம்... நம்மட ஊருக்கு வாற தாய்மாருக்கும் சகோதரிமாருக்கும்..." என்று சொல்லைத் தேடித் தேடிப் பேசினார். தவிசாளர் கத்தரிக்கோலோடு காத்து நின்றார். கடற்கரை வட்டாரத்து உறுப்பினர் தன் மனைவியையும் கூட்டி வந்து பின்னால் நிறுத்தியிருந்தார்.

அப்போதுதான் பொத்துவில் பஸ் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் நடுவயதுப் பெண். ஒரு கையில் பெரிய பை. இறங்கியதும் சுற்றிப் பார்த்தார். மதிலில் 'பெண்கள்' என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது. பிறகு அவர் கண்ணில் வேறு எதுவும் படவில்லை. ஹாஜியாரையும் பார்க்கவில்லை, தவிசாளரையும் பார்க்கவில்லை. விறுவிறென்று வந்தார். பையை என் கையில் தந்தார். கொடியில் காயும் துணியை விலக்குகிற மாதிரி நாடாவை ஒரு கையால் தூக்கி, குனிந்து, உள்ளே போய்விட்டார்.

தாழ்ப்பாள் விழுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

ஹாஜியாரின் வாய் திறந்தபடி நின்றது. தவிசாளர் கத்தரிக்கோலைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார். உறுப்பினர்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். வாகை மரத்தில் காகம் ஒன்று கத்தியது.

பஸ் யன்னலால் ஒரு பெண்ணின் குரல் வந்தது: "அக்கா, அங்க கக்கூசு இரிக்கா?"

"ஓம், இரிக்கி! வாங்க!" என்று சத்தமாகச் சொன்னது நான் இல்லை. கடற்கரை வட்டாரத்து உறுப்பினரின் மனைவி.

உள்ளே போனவர் வெளியே வந்தார். முந்தானையால் கையைத் துடைத்தபடி வந்தவர், இப்போதுதான் கூட்டத்தைக் கண்டார். நாடாவையும் மல்லிகைச் செடிகளையும் மஸ்கட் தட்டையும் வெள்ளைச் சட்டை போட்ட ஆண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஆருக்கு இஞ்ச கலியாணம்?" என்று என்னிடம் கேட்டார்.

நான் அவருடைய பைக்குப் பின்னால் முகத்தை மறைத்துச் சிரித்தேன். தவிசாளர்தான் முன்னால் வந்தார். கத்தரிக்கோலைச் சுபாஷினியிடம் கொடுத்தார். மஸ்கட் தட்டை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"கலியாணம் இல்லம்மா. உங்களுக்குத்தான் கட்டினம். எடுங்க."

அவர் ஒரு துண்டு எடுத்துக் கடித்தார். நல்ல ருசி என்று தலையாட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களும் சாப்பிடத் தொடங்கினார்கள். பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, இரண்டு பள்ளிக்கூட ஆசிரியைகள், தடியூன்றிய ஒரு மூதாட்டி, அவரைப் பிடித்துக்கொண்டு வந்த மருமகள். நாடாவை, கூட்டத்தில் நின்ற என் கணவர் ஒரு பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

கொண்டக்டர் படியில் நின்று வரிசையின் நீளத்தைப் பார்த்தார். உள்ளே திரும்பிச் சாரதியிடம் என்னவோ சொன்னார். சாரதி எட்டிப் பார்த்தார், சிரித்தார், இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து ஒரு பிளேன்டீ கேட்டார்.